குவளையில் படம் வெளிறுகிறதா? மையை மாற்றுமுன் சூட்டைப் பாருங்கள்

கேள்வி: வீட்டிலேயே புகைப்படக் குவளைகள் அச்சிட்டு விற்கிறேன். குவளையைச் சூடாக்கி அழுத்திப் படத்தைப் பதிக்கும் மக் பிரஸை 180 டிகிரி, 180 விநாடி என்று வைக்கிறேன். சில வாரங்களாகப் படம் வெளிறி வருகிறது. மேல், கீழ் விளிம்புகளில் இன்னும் மோசம். கடைக்காரர் சொன்னபடி இருமுறை மை மாற்றியும் பயனில்லை.

பதில்: இனி மை வாங்காதீர்கள். மை கெட்டிருந்தால் படம் முழுவதும் வெளிறும், அல்லது ஒரு நிறம் மட்டும் குறையும். விளிம்பு தனியாக வெளுப்பது, அங்கே சூடோ அழுத்தமோ சரியாகச் சேரவில்லை என்பதற்கான அடையாளம்.

காகிதத்தில் அச்சிட்டுக் குவளையைச் சுற்றி ஒட்டும் சப்ளிமேஷன் மை சூட்டில் ஆவியாகி, குவளையின் மேலுள்ள பாலியஸ்டர் பூச்சுக்குள் புகுந்து தங்குகிறது. காகிதத்தில் படம் மங்கலாகத் தெரிவது இயல்பே; அதைக் கண்டு மையின் அளவைக் கூட்ட வேண்டாம். இயந்திரம் காட்டும் எண் ஹீட்டரின் சூடே தவிர, குவளையின் சூடு அல்ல. குளிர்ந்த குவளையை உள்ளே வைத்ததும் சூடு சட்டென்று இறங்கும். அது மீண்டும் 180 டிகிரியைத் தொட்ட பிறகே விநாடிகளை எண்ணத் தொடங்க வேண்டும். மின்னழுத்தம் குறைந்த வேளைகளில் இந்த ஏற்றம் மேலும் தாமதமாகும். ஹீட்டர் உறையின் ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்து, பிடியைச் சற்றே இறுக்குங்கள். பிறகு நேரத்தை 20 விநாடி வீதம் கூட்டுங்கள். கறுப்பு பழுப்பாக மாறினால் அளவு மீறிவிட்டது என்று அறிந்து ஒரு படி பின்வாங்குங்கள்.

அச்சிட்டு முடித்த காகிதத்தை எறியாமல் பாருங்கள். அதில் நிறம் அடர்த்தியாகத் தங்கியிருந்தால் சூடு போதவில்லை. காகிதமும் வெளுத்து, குவளையும் வெளுத்திருந்தால் பூச்சைச் சந்தேகியுங்கள். இங்கேதான் சில இடைத்தரகர்கள் ஏமாற்றுகிறார்கள். பெட்டியின் மேல் 'முதல் தரம்' என்று ஒட்டிய தாளுக்கு எந்த மதிப்பும் இல்லை. உள்ளே பூச்சு மெலிந்த கழிவுச் சரக்கு இருக்கலாம். பெட்டி பெட்டியாக வாங்குமுன் இரண்டு குவளைகள் மட்டும் வாங்கி, முன்பு நன்றாக வந்த குவளையோடு சேர்த்து, ஒரே படத்தை ஒரே சூட்டில், ஒரே நேர அளவில் அச்சிட்டு ஒப்பிடுங்கள். இயந்திரம், மை, குவளை, பயிற்சி அனைத்தையும் ஒரே விலைப்புள்ளியில் கட்டித் தருபவரிடம் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். நீங்கள் கடன் வாங்கித் தொழில் தொடங்கினால், விலைப்புள்ளியை வரிக்கு வரி சரிபார்க்கும் கடன் அலுவலகங்கள், அந்தச் சரக்கு அச்சிடத் தகுந்ததா என்று கேட்காமல் போகலாம். தவணையைச் சுமப்பவர் நீங்கள்தான்.

சுடுநீர் ஊற்றினால் படம் தெரியும் மேஜிக் குவளைகளுக்கு மட்டும் மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. அவற்றின் கறுப்புப் பூச்சு சூட்டால் நிறம் மாறுவது என்பதால், நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் அந்தப் பூச்சே பழுதாகி, ஆறிய பிறகும் முழுக் கறுப்புக்குத் திரும்பாது. அதன் படம் வெள்ளைக் குவளையில் இருப்பதைவிடச் சற்று மங்கலாகவே தெரியும். அது உங்கள் பிழையன்று. அதைச் சூடாக இருக்கும்போது மட்டுமே மதிப்பிட வேண்டும், சாதாரணக் குவளையோடு ஒப்பிடக் கூடாது, வெளுப்பாகத் தெரிகிறதே என்று மறுமுறை பிரஸில் வைக்கவும் கூடாது. வாடிக்கையாளரிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கைப்பிடியை ஒட்டிய பகுதிக்கு ஹீட்டர் எட்டாது. அங்கே இருபுறமும் இடைவெளி விட்டுப் படத்தை அமையுங்கள். ஒவ்வொரு சோதனைக் குவளையின் அடியிலும் சூட்டையும் நேரத்தையும் எழுதி வைத்தால், நான்கைந்து குவளைகளுக்குள் உங்கள் இயந்திரத்துக்கு உரிய அளவு கிடைத்துவிடும்.