ஜிம்மி உறுமியது சரிதான்

கேள்வி: எங்கள் வீட்டில் ஜிம்மி என்று ஒரு நாட்டு நாய் இருக்கிறது. பெண் நாய், ஆறு வயது. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே என் கணவர் குட்டியாக எடுத்து வளர்த்தது. மகனுக்கு இப்போது 17 மாதம். தத்தக்கா பித்தக்கா என்று ஜிம்மி பின்னாலேயே நடப்பான், வாலைப் பிடித்து இழுப்பான், மேலே ஏறிப் படுப்பான். அது ஒன்றுமே செய்ததில்லை. போன வாரம் அது சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வட்டிலுக்குள் கையை விட்டுவிட்டான். ஜிம்மி பல்லைக் காட்டி உறுமியது. கடிக்கவில்லை. சத்தம் கேட்டு ஓடி வந்த என் கணவர் செருப்பால் அடித்துவிட்டார். "பிள்ளை இருக்கிற வீட்டில் நாய் எதற்கு, முடி வயிற்றுக்குள் போனால் என்ன ஆவது" என்று அத்தை முதலில் இருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது பைபாஸ் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. பயமாகவும் இருக்கிறது. ஊசியெல்லாம் போட்டிருக்கிறோம். என்ன செய்வது?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, மதுரை

பதில்: ஜிம்மி செய்தது சரி. உங்கள் கணவர் செய்தது தவறு. இதை முதலில் ஒத்துக்கொண்டால்தான் மற்றதைப் பேச முடியும்.

"தள்ளிப் போ" என்று சொல்ல நாய்க்குப் பேச்சு இல்லை, உறுமல்தான் இருக்கிறது. சின்னக் கை வாய்க்கு நேராக இருந்தபோதும் ஜிம்மி உறுமியதோடு நின்றது. அதற்குக் கிடைத்தது செருப்படி. இதிலிருந்து அது பிள்ளையிடம் பாசமாக இருக்கக் கற்றுக்கொள்ளாது. பிள்ளை கிட்டே வந்தால் அடி விழும், உறுமினால் அடி விழும் என்றுதான் கற்றுக்கொள்ளும். அடுத்த முறை உறுமாமல் இருக்கலாம். அதைத்தான் நான் பயப்படச் சொல்வேன். "ஒரு சத்தமும் இல்லாமல் திடீரென்று கடித்துவிட்டது" என்று பழி சுமக்கும் நாய்களில் பல, முன்பு உறுமிப் பார்த்து அடி வாங்கியவை. உறுமலை அடித்து நிறுத்தலாம். அதற்குப் பின்னால் இருக்கும் பயத்தை அடித்து நிறுத்த முடியாது.

உங்கள் கடிதத்தில் எல்லாரும் என்ன செய்தார்கள், என்ன சொன்னார்கள் என்று இருக்கிறது. அந்த நேரத்தில் பிள்ளையை யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது மட்டும் இல்லை. கணவர் சத்தம் கேட்டு ஓடி வந்திருக்கிறார் என்றால் பக்கத்தில் யாருமே இல்லை என்று அர்த்தம். உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அநேகமாக நீங்கள் அடுப்படியில் இருந்திருப்பீர்கள். மூன்று பெரியவர்கள் இருக்கிற வீட்டில் சமையல், பிள்ளை, நாய் எல்லாம் ஒருவர் தலையில் என்றால் கோளாறு அங்கேதான் இருக்கிறது. குட்டியிலிருந்து வளர்த்தவர் உங்கள் கணவர். அதற்குச் சோறு வைப்பதும், அது தின்று முடிக்கும் வரை கூடவே நிற்பதும் இனி அவர் வேலையாக இருக்கட்டும். செருப்பைத் தூக்க நேரம் இருந்தவருக்கு இதற்கும் நேரம் இருக்கும்.

"ஒன்றுமே செய்ததில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேயும் நான் உங்களோடு உடன்படவில்லை. ஜிம்மி பல மாதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கும். பிள்ளை மேலே ஏறும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பும். தூக்கமே இல்லாத நேரத்தில் கொட்டாவி விடும். சாப்பாடு எதுவும் இல்லாமலே உதட்டை நக்கும். கண்ணின் வெள்ளை ஓரத்தில் பிறை மாதிரி தெரியும். உடம்பு விறைத்து, வாலாட்டம் நின்று, அப்படியே கல்லாக நிற்கும். கடைசியில் சொன்ன அந்த விறைப்பைப் பார்த்தால் உடனே பிள்ளையைத் தூக்கிவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். இவை எல்லாம் உறுமலுக்கு முந்தைய படிகள். நாம் பார்க்கத் தவறுவதால்தான் நாய் உறுமல் வரை வருகிறது. 17 மாதப் பிள்ளைக்கு இதில் ஒன்றும் புரியாது. அவனைவிடப் பெரிய பிள்ளைகள்கூட நாய் பல்லைக் காட்டுவதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொள்வதுண்டு.

அதனால் "எங்க ஜிம்மி சாது" என்கிற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். சின்னப் பிள்ளைகளைக் கடிப்பது பெரும்பாலும் தெரிந்த நாய்தான், பல நேரம் சொந்த வீட்டு நாய். பிள்ளையின் முகமும் நாயின் வாயும் ஒரே உயரத்தில் இருப்பதால் கடி முகத்திலும் தலையிலும் கழுத்திலும் விழுகிறது. கைக்குழந்தையை நாய் முதுகில் உட்காரவைத்து வீடியோ எடுத்துப் போடுகிறார்களே, அந்த நாய்களின் கண்ணை ஒரு தடவை கவனித்துப் பாருங்கள். எனக்கு அதைப் பார்த்தாலே பதறும். அது வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும், பெரியவர்கள் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

சரி, வீட்டில் என்ன செய்ய வேண்டும்? ஜிம்மி சாப்பிடும் இடம் கதவு உள்ள இடமாக இருக்கட்டும். பின்கட்டு, மாடிப்படிக்கு மேலே, எதுவானாலும் பிள்ளை போக முடியாத இடம். வட்டிலைக் கழுவி எடுத்த பிறகுதான் கதவு திறக்க வேண்டும். பிள்ளைக்குச் சோறு ஊட்டும் நேரத்தில் நாய் வெளியே. கையில் இட்லியோடு நடக்கும் பிள்ளையும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாயும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. அப்புறம், அது படுக்கிற இடம் அதற்கு மட்டும் சொந்தம். அங்கே போய்விட்டால் யாரும் தொடக் கூடாது, தூங்கும்போது எழுப்பக் கூடாது. நிலைப்படியில் பொருத்துகிற தடுப்புக் கதவு கடைகளில் கிடைக்கிறது. தச்சரிடம் சொன்னால் பலகையிலும் செய்து தருவார். பிள்ளையால் ஏற முடியாமல், நாயால் தாண்ட முடிகிற உயரம் என்றால் மிகவும் நல்லது.

நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போடுகிற யோசனை வீட்டில் வரும், நிச்சயம் வரும். வேண்டாம். கட்டிய நாயால் விலகிப் போக முடியாது. பிள்ளையோ அது எட்டும் தூரத்துக்குள் நேராக நடந்து போவான். விலகிப் போக வழி இருக்கும் வரை பெரும்பாலான நாய்கள் விலகித்தான் போகும்.

மகனுக்கு வாயால் சொல்லிப் புரியவைக்கும் வயது இன்னும் வரவில்லை. அவன் கையைப் பிடித்து, உள்ளங்கையை விரித்து, முதுகில் மெல்லத் தடவக் காட்டுங்கள். தலைக்கு மேலே கை போக வேண்டாம், கட்டிப்பிடிக்கவும் வேண்டாம். கொஞ்சம் தடவிவிட்டு நிறுத்துங்கள். ஜிம்மி இன்னும் கிட்டே வந்தால் அதற்கு விருப்பம், எழுந்து போனால் போதும் என்கிறது. போகிற நாயின் பின்னால் அவனைப் போகவிடாதீர்கள். பிள்ளை பக்கத்தில் இருக்கும் நேரமெல்லாம் அதற்கு ஒரு துண்டு ரொட்டியும் நல்ல வார்த்தையும் கிடைக்கட்டும். ஆனால் அதைக் கொடுப்பது பெரியவர் கை. இந்த இரண்டு பேரையும் தனியாக விட்டுவிட்டு நீங்கள் ஒரு நிமிஷம்கூட அடுப்படிக்குப் போகக் கூடாது. போக வேண்டி வந்தால் இருவரில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அல்லது கதவைச் சாத்துங்கள்.

அத்தையின் பயத்தை ஒதுக்கித் தள்ள மாட்டேன். பிள்ளையின் உடம்புக்கு என்ன ஆகுமோ என்றுதான் கவலைப்படுகிறார். ஆனால் அவர் பார்க்க வேண்டியது முடியை அல்ல. நாயின் மலத்தில் வரும் உருளைப்புழு முட்டைகளைத்தான். அவை மண்ணில் கிடந்து, இரண்டு வாரத்துக்கு மேல் ஆன பிறகு தொற்றும் நிலைக்கு வருகின்றன. அந்த மண்ணைத் தொட்ட கையைப் பிள்ளை வாயில் வைத்தால் ஆபத்து. அதனால் அதன் மலத்தை அன்றன்றே எடுத்துவிடுங்கள், மொட்டை மாடியானாலும் பூந்தொட்டியானாலும். கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ஜிம்மிக்குக் குடற்புழு மருந்து கொடுங்கள். காதுமடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். அத்தைக்கு ஆறுதலாக ஒன்று சொல்லலாம். பின்லாந்தில் 397 குழந்தைகளைப் பிறந்த முதல் ஆண்டு முழுக்கக் கவனித்து 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாய் இருந்த வீட்டுக் குழந்தைகளுக்குச் சளி, இருமல், காதுத் தொற்று எல்லாம் குறைவாகவே வந்திருந்தன. நாய் இருப்பதாலேயே பிள்ளை நோயாளி ஆகிவிடுவான் என்று பயப்பட வேண்டியதில்லை.

"ஊசியெல்லாம் போட்டிருக்கிறோம்" என்று பொதுவாக எழுதியிருக்கிறீர்கள். அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்கள். ரேபிஸ் ஊசி ஆண்டுதோறும் போட வேண்டியது. தள்ளிப்போயிருந்தால் நாளைக்கே போடுங்கள். பிள்ளைக்குக் கடியோ, பல் பட்ட தடமோ, நகக்கீறலோ ஏற்பட்டால், அது ஜிம்மியாக இருந்தாலும் தெரு நாயாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம். கழுவியதும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு மருத்துவமனையில் தடுப்பூசி இலவசம். "நம்ம நாய்தானே" என்று காத்திருக்க வேண்டாம். ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

பைபாஸ் விஷயத்துக்கு வருகிறேன். வளர்த்த நாயைப் பட்டினியிலும் தாகத்திலும் தவிக்கும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறை என்றால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். இவ்வளவு சின்னத் தொகை என்பது இந்தச் சட்டத்தின் பெரிய குறை, இத்தனை ஆண்டாகியும் மாற்றாமல் வைத்திருப்பது வெட்கக்கேடு. அபராதத்துக்குப் பயந்து இந்த யோசனையைக் கைவிடச் சொல்லவில்லை. ஆறு வருஷம் வீட்டுச் சோறு தின்ற நாய்க்கு லாரி ஓடும் சாலையைக் கடக்கத் தெரியாது. அங்கே ஏற்கெனவே இடம் பிடித்திருக்கும் நாய்கள் அதைச் சேர்க்காது. அதைச் சாகவிடுவதற்குத்தான் கொண்டுபோகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு பேசுங்கள்.

முதலில் ஜிம்மியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதுவலி, பல்வலி, மூட்டுவலி இருக்கும் நாய்க்குப் பொறுமை குறையும். இத்தனை நாள் தாங்கியது திடீரென்று உறுமினால் அதையும் பார்க்க வேண்டும். அப்புறம் மேலே சொன்ன ஏற்பாடுகளைச் செய்து, வீட்டில் மூன்று பேரும் கடைப்பிடியுங்கள். அதற்குப் பிறகும் பிள்ளையைக் கண்டாலே அது விறைத்து நின்றாலோ, வீட்டில் அந்தக் காவலை வைக்க முடியாது என்று உங்களுக்கே உறுதியாகத் தெரிந்தாலோ, வேறு வீடு பார்ப்பதில் தப்பில்லை. சின்னப் பிள்ளைகள் இல்லாத, ஜிம்மிக்கு ஏற்கெனவே பழக்கமான வீடாக இருக்கட்டும். பிள்ளை வட்டிலில் கைவைத்தபோது உறுமியது என்பதை அவர்களிடம் மறைக்காதீர்கள். ஊசி அட்டையையும் அது படுத்துப் பழகிய சாக்கையும் கூடவே கொடுத்தனுப்புங்கள். முதல் மாதம் உங்கள் கணவர் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும், ஒத்துவரவில்லை என்றால் திரும்பக் கூட்டி வரட்டும்.