கேளுங்கள்: கரையோர டைவிங்கும் நீரோட்டமும்

கேள்வி: படகில் போய்க் குதிப்பதைவிடக் கரையிலிருந்து நடந்தே இறங்குவது பாதுகாப்பு என்று நம்பி, அந்தமானின் ஹேவ்லாக் தீவில் டைவிங் கோர்ஸ் முடித்த கையோடு ஒரு டைவ் போனேன். ஆழம் 10 மீட்டர்தான். போகும்போது பறப்பது மாதிரி சுகமாக இருந்தது. திரும்பினால் ஒரே பாறையைப் பார்த்தபடி உதைக்கிறேன், நகரவே இல்லை. காற்று மளமளவென்று குறைந்தது. கூட வந்தவர்தான் கையைப் பிடித்துத் தரையோடு தரையாக இழுத்து வந்தார். மேலே கடல் தட்டையாக இருந்ததே, இதை எப்படி முன்கூட்டித் தெரிந்துகொள்வது?
- வாசகி, மதுரை

பதில்: போகும்போது சுகமாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயம் அங்கேயே தெரிந்துவிட்டது. காலை அசைக்காமலே பாறைகள் பின்னால் நகர்ந்தால் தண்ணீர் உங்களைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று அர்த்தம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நீரோட்டத்தின் வேகத்தை நாட் என்ற அளவில் சொல்வார்கள். அரை நாட் என்பது கடலில் ரொம்ப சாதாரண வேகம், ஆனால் அதுவே நிமிடத்துக்கு 15 மீட்டர் தள்ளிவிடும், இருபது நிமிடம் மீனை வேடிக்கை பார்த்துக்கொண்டு மிதந்தால் 300 மீட்டர் போயிருப்பீர்கள், அவ்வளவையும் டேங்கில் மிச்சமிருக்கிற காற்றை வைத்து எதிர்த்து நீந்தி வர வேண்டும். ஒரு நாட் வேகத்தைத் தாண்டிவிட்டால், காலில் ஃபின் என்கிற துடுப்பு போட்ட நல்ல நீச்சல்காரர்களுக்கே திணறும். வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீரின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். 10 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே ஆவதைப் போல இரண்டு மடங்கு காற்று செலவாகும், இதில் மூச்சும் வாங்கினால் காற்றழுத்தம் காட்டும் கேஜில் முள் இறங்குவது கண்ணுக்கே தெரியும்.

கடல் தட்டையாக இருந்தது என்றால் அன்றைக்குக் காற்று இல்லை, அவ்வளவுதான். உங்களைத் தள்ளியது அநேகமாக ஓதம், அதாவது கடல் மட்டம் ஏறி வற்றுவது. நம்ம ராமேஸ்வரம் பக்கம் கடல் ஏறி வற்றுவது ஒரு மீட்டர்கூட இருக்காது, அதனால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தமானில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி சுமார் 2 மீட்டர் ஏறி இறங்கும். அத்தனை தண்ணீரும் ஆறு மணி நேரத்தில் உள்ளே வந்து அடுத்த ஆறு மணி நேரத்தில் வெளியே போக வேண்டும், வழியில் பாறைகளுக்கு நடுவே சந்து குறுகினால் அங்கே வேகம் கூடிவிடும். பெரும்பாலும் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் நடுவில்தான் இழுப்பு அதிகம். ஓத அட்டவணை இப்போது போனிலேயே கிடைக்கிறது, அதைக்கூடப் பார்க்காமல் இறக்கிவிடுகிற ஆளோடு நான் இறங்க மாட்டேன்.

உள்ளேயும் அடையாளம் இருக்கிறது. மீன் கூட்டம் முழுக்க ஒரே திசையைப் பார்த்து நின்றால் நீரோட்டம் அந்தப் பக்கமிருந்து வருகிறது. கடல் விசிறி என்கிற விசிறி மாதிரிப் பவளம் முன்னும் பின்னும் ஆடினால் அது மேலே ஓடும் அலையின் ஆட்டம், சாய்ந்தது சாய்ந்தபடியே நின்றால்தான் கவனிக்க வேண்டும். இறங்கிய உடனே இதைப் பார்த்துவிட்டு, முதல் பாதியை எதிர்த்து நீந்துங்கள், திரும்பும்போது அதுவே கொண்டுவந்து விட்டுவிடும். கூட வந்தவர் செய்ததும் சரிதான். அடித்தரையில் உராய்வதால் தண்ணீரின் வேகம் அங்கே குறைவு. மணலையோ உயிரில்லாத பாறையையோ பிடித்துப் பிடித்து வரலாம், பிடிக்கும் முன் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், விஷ முள் உள்ள கல்மீனும் பாறை மாதிரியேதான் இருக்கும்.

அப்புறம், கரையிலிருந்து இறங்குவது பாதுகாப்பு என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். படகு என்றால் உங்கள் குமிழியைப் பார்த்துக்கொண்டே பின்னால் வரும். இங்கே நீங்களேதான் திரும்பி வர வேண்டும்.

கேள்வி: எவ்வளவு முயன்றும் முடியவில்லை, கரையை விட்டு விலகிக்கொண்டே போகிறோம் என்றால் என்ன செய்வது?
- வாசகர், ஈப்போ

பதில்: காற்று இருக்கும்போதே மேலே வந்துவிடுங்கள். டேங்கின் காற்றழுத்தம் 50 பாருக்கு இறங்கும் வரைக்கும் மல்லுக்கட்டிவிட்டு வருவது மோசமான யோசனை. பதறி ஏறாமல், மூச்சை அடக்காமல் வாருங்கள். மேலே வந்ததும் மிதவை ஜாக்கெட்டில் காற்றை நிரப்புங்கள், மிதக்கச் சிரமமாக இருந்தால் மூழ்குவதற்காகக் கட்டிய எடையைக் கழற்றி விடுங்கள், மாஸ்க்கைக் கழற்றாதீர்கள். கரையை நோக்கி நேராக நீந்துவதை விட்டுவிட்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்திப் பாருங்கள், பல இடங்களில் இழுப்பு ஒரு குறுகிய பட்டையாகத்தான் இருக்கும். அதுவும் முடியாவிட்டால் பலத்தைச் சேமித்துக்கொண்டு மிதங்கள்.

உங்கள் மலேசியாவிலேயே 2022 ஏப்ரலில் மெர்சிங் கடலில் நடந்தது நினைவிருக்கும். ஒரு சிறு தீவை ஒட்டி, சுமார் 15 மீட்டர் ஆழத்தில் பயிற்சி டைவ், மேலே வந்த நான்கு பேரையும் நீரோட்டம் இழுத்துப்போய்விட்டது. பயிற்சியாளரை மறுநாள் ஒரு இழுவைப் படகு கண்டது, இன்னும் இரண்டு பேரை அதற்குப் பிறகுதான் மீனவர்கள் மீட்டார்கள், 14 வயதுச் சிறுவன் பிழைக்கவில்லை. கடலில் மிதக்கிற தலை, தேடுகிறவர் கண்ணில் படுவது அவ்வளவு கஷ்டம். ஊதி நிமிர்த்தி வைக்கிற ஆரஞ்சு நிற மிதவையும் ஒரு விசிலும் ஜாக்கெட் பையிலேயே இருக்கட்டும், விலை அதிகமில்லை. தெரியாத இடத்தில் அது இல்லாமல் இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

கேள்வி: கரையில் நின்றே நீரோட்டத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?
- வாசகர், புதுச்சேரி

பதில்: ஓரளவு முடியும். வலையின் மிதவைகள் எந்தப் பக்கம் சாய்ந்து இழுபடுகின்றன, காற்றில்லாத நேரத்தில் நங்கூரம் போட்ட படகு எந்தப் பக்கம் மூக்கைத் திருப்பி நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு பக்கமும் அலை உடைந்து நடுவில் மட்டும் அமைதியாக, கலங்கலாக ஒரு பட்டை தெரிந்தால், இறங்க வசதியான இடம் என்று நினைத்துவிடாதீர்கள், கரையில் ஏறிய தண்ணீர் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது. உங்கள் கரையில் பொதுவாக மார்ச், ஏப்ரலில் நீரோட்டம் வடக்கே போகும், நவம்பரில் தெற்கே. அன்றன்றைய நிலவரத்துக்கு, காலையில் வலை இழுத்துவிட்டு வருகிறவர்களிடம் கேளுங்கள், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவார்கள்.