பேயைக் காட்டாதீர்கள், கணக்கைக் காட்டுங்கள்

சென்னை சினிமா கம்பெனிகளில் பல காலம் கணக்கு எழுதிவிட்டு, இப்போது சேலம் அஸ்தம்பட்டியில் குடியிருக்கும் நம் ‘கணக்கு அக்கா’ வாசகர்களின் பணக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

*

கேள்வி: அக்கா, நண்பர்கள் சேர்ந்து 12 நிமிடப் பேய்க் குறும்படம் எடுக்கிறோம். ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் பங்களாவில் நடக்கும் கதை. பட்ஜெட் 2,60,000 ரூபாய். கையில் 70,000 இருக்கிறது. மீதியை இணையத்தில் கூட்டுநிதியாகத் திரட்டலாமா? மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த ஊர் என்பதால் சேலத்துப் பெரிய மனிதர்கள் கை கொடுப்பார்கள் என்றும் நம்புகிறோம். கதையும் பட்ஜெட்டும் இணைத்திருக்கிறேன்.
– வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: தம்பி, கடைசியில் சொன்னதை முதலில் பார்த்துவிடலாம். மாடர்ன் தியேட்டர்ஸ் பெயரைச் சொல்லி யாரிடமும் பணம் கேட்காதீர்கள். 1935-இல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கி, நூறு படத்துக்கு மேல் எடுத்த கம்பெனி அது. இன்று மிச்சம் இருப்பது ஏற்காடு சாலையில் நிற்கும் அந்த வளைவு. அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுப்பவர்கள் நிறைய. அதற்காக யாரும் உங்களுக்கு ஜி-பே செய்யப் போவதில்லை. ஜவுளித் தொழில் படிக்க இங்கிலாந்து போய்வந்த மனிதர் சுந்தரம். ஒரு மில்லை நடத்துவது போலத்தான் ஸ்டூடியோவையும் நடத்தினார், கறாராக. அந்தக் கறாரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

சரி, உங்கள் பட்ஜெட். பென்சிலில் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள், அழித்த இடமெல்லாம் தெரிகிறது. கேமரா, லென்ஸ் வாடகை 60,000. லைட்டும் ஜெனரேட்டரும் 45,000. மூன்று இரவு தங்கல், சாப்பாடு 50,000. வண்டி 20,000. ‘பேய்’ என்று மட்டும் எழுதி 15,000. சவுண்டு 10,000. எடிட்டிங் 15,000. கடைசியில் ‘இதர’ 45,000.

அந்த இதரதான் முதலில் கண்ணை உறுத்துகிறது. மொத்தத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் எதற்கென்று உங்களுக்கே தெரியாது என்று நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். பணம் கொடுக்க நினைப்பவர் கதையைப் படிக்கிறாரோ இல்லையோ, அந்த வரியைப் படிப்பார்.

அடுத்தது பேய். கதையில் வருவது வெள்ளைக்காரத் துரை பேய். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அன்றையிலிருந்து எஸ்டேட் கதை என்றால் துரை வந்தே தீருவார் போலிருக்கிறது. துரைக்குக் கோட்டு, தொப்பி, பூட்ஸ் எல்லாம் வாடகை. வெள்ளை லென்ஸ் கண் வேறு. கண் டாக்டரோ ஆப்டிகல் கடைக்காரரோ பார்க்காமல் அதை யார் கண்ணிலும் மாட்டாதீர்கள், தயவுசெய்து. என் யோசனை, துரையை விட்டுவிட்டு, கூலியாட்களை மேய்க்கும் கங்காணியைப் பேயாக்குங்கள். ஒரு கம்பளி, ஒரு தடி, முடிந்தது செலவு. அதுவும் முகத்தைக் காட்டாமல். திரைக்கு வராத பேய்க்குப் பேட்டா என்ற தினப்படியும் கிடையாது, மேக்கப்பும் கிடையாது.

உங்கள் கதையின் ஆறாம் பக்கத்தில் ஓர் இடம் இருக்கிறதே, அதைப் படித்தபோது எனக்கே முதுகு சிலிர்த்தது. விடியலில் பனிமூட்டத்துக்குள் எஸ்டேட் கூலியாட்களின் பழைய பெயர்ப் பதிவேட்டை ஒருவன் விளையாட்டாக வாசிக்கிறான். ஒவ்வொரு பெயருக்கும் பின்னாலிருந்து யாரோ ‘ஐயா’ என்கிறார்கள். இதை எடுக்க என்ன வேண்டும்? ஒரு நடிகர், ஒரு நோட்டு, நல்ல மைக். இந்த இரண்டு நிமிடத்தை மட்டும் கையிலிருக்கும் காசில் முதலில் எடுங்கள். அப்புறம் பணம் கேட்கப் போங்கள்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த வழி இல்லை. 1978-இல் சாம் ரெய்மி என்ற அமெரிக்க இளைஞரும் அவருடைய நண்பர்களும் சூப்பர் 8 என்ற சின்ன ஃபிலிம் கேமராவில் சுமார் 1,600 டாலர் செலவில் அரை மணி நேரத் திகில் படம் ஒன்று எடுத்தார்கள். அதைப் போட்டுக் காட்டித்தான் ஊரில் வசதியானவர்களிடம் பணம் வாங்கினார்கள். அப்படி வந்தது 1981-இன் ‘தி ஈவில் டெட்’. ஸ்வீடன்காரர் டேவிட் சாண்ட்பெர்க் 2013-இல் தம் வீட்டிலேயே, மனைவியை நடிக்க வைத்து மூன்று நிமிடத்துக்குள் ஒரு படம் எடுத்தார். விளக்கை அணைத்தால் ஓர் உருவம் தெரியும், போட்டால் இருக்காது, அவ்வளவுதான். 2016-இல் ஹாலிவுட் அதை முழுப் படமாக்கியது. காதல் கதைக்கும் குடும்பக் கதைக்கும் இந்த வசதி கிடையாது. பயத்தை மட்டும்தான் இரண்டு நிமிடத்தில் மாதிரி காட்ட முடியும்.

இனி செலவு. பங்களாவின் உள்காட்சிகளை எல்லாம் மலைமேல் எடுக்க வேண்டிய அவசியம் என்ன? அடிவாரத்தில் கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு பழைய ஓட்டுவீடு கிடைக்கும். ஜன்னலுக்குக் கருப்புத் துணி அடித்தால் பகலிலேயே இரவுக் காட்சி எடுக்கலாம். இரவு வேலை என்றால் பேட்டா ஏறும், எல்லோருக்கும் தூக்கம் வரும், மறுநாள் பாதி நாள் போகும். வெளிக்காட்சிக்கு மட்டும் ஒரு பகல், ஓர் இரவு, ஒரு விடியல் மலைக்குப் போங்கள். ஜெனரேட்டர் வேண்டாம். அதை 20 கொண்டை ஊசி வளைவிலும் ஏற்றி இறக்க ஆகும் டீசல் ஒரு பக்கம், அது போடும் சத்தம் இன்னொரு பக்கம். எல்.இ.டி. பேனலும் பேட்டரியும் போதும்.

பனிமூட்டத்தை நம்பிக் கால்ஷீட் போடாதீர்கள். தேவைப்படும் நாளில் வராது, வந்தால் உங்கள் ஹீரோவையே மறைத்துவிடும். ஒரு புகை மெஷின் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் போவதாக இருந்தால் மலைப்பாதையில் மண் சரிந்து வண்டிகளைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடும் நாளும் வரும். அதற்கென்று அரை நாள் கையிருப்பு வேண்டும். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் எஸ்டேட்காரர்கள் உங்களுக்கு முகம் கொடுத்துப் பேசக்கூட நேரம் இல்லாமல் இருப்பார்கள். அனுமதியை அதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். காப்புக்காட்டுக்குள் கால் வைப்பதாக இருந்தால் வனத்துறை அனுமதி தனி.

மிச்சமாகும் காசைச் சவுண்டில் போடுங்கள். பேய்ப் படத்துக்கு 10,000 ரூபாய் சவுண்டு என்பது பிரியாணிக்கு ஒரு கைப்பிடி அரிசி மாதிரி. நான் போட்டுப் பார்த்தேன். கேமரா 30, லைட் 15, தங்கல் சாப்பாடு 25, வண்டி 10, பேய் 3, சவுண்டு 30, எடிட்டிங் 15, எதிர்பாராத செலவு 12. எல்லாம் ஆயிரத்தில். கூட்டினால் 1,40,000. உங்களிடம் பாதி இருக்கிறது. ‘பாதிப் பணம் நாங்கள் போட்டுவிட்டோம், மீதிப் பாதிதான் கேட்கிறோம்’ என்று இப்போது நிமிர்ந்து சொல்லலாம்.

இணையத்துக்கு வருவோம். எல்லோரும் முதலில் சொல்லும் கிக்ஸ்டார்ட்டரில், இந்தியாவில் இருந்துகொண்டு திட்டம் தொடங்க முடியாது. இங்கே பெயர் பெற்ற மிலாப், கெட்டோ போன்ற தளங்களில் பெரும்பாலும் ஆபரேஷனுக்கும் சிகிச்சைக்கும்தான் கேட்கிறார்கள். ஒரு குழந்தையின் இதய ஆபரேஷனுக்குப் பக்கத்தில் உங்கள் கங்காணியை நிறுத்தினால் யார் யாருக்குக் கொடுப்பார்கள்? 70,000 ரூபாய்க்குத் தளமே தேவையில்லை. தனியாக ஒரு வங்கிக் கணக்கு, ஒரு க்யூ.ஆர்., அந்த இரண்டு நிமிடக் காட்சி, ஒரு பக்கக் கணக்கு, இவை போதும். 500, 1,000 என்று தரக்கூடிய நூறு பேர் உங்கள் ஐந்து பேரின் போன்களுக்குள்ளேயே இருக்கிறார்கள்.

யாரிடம் கேட்பது என்பதற்கு ஒரு பழைய உதாரணம். 1976-இல் ஷியாம் பெனகல் எடுத்த ‘மந்தன்’ படத்துக்குக் குஜராத் பால் கூட்டுறவு விவசாயிகள் ஐந்து லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். சினிமா ஆசையில் கொடுக்கவில்லை, அது அவர்கள் கறக்கும் பாலைப் பற்றிய கதை. உங்கள் கதை எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் என்ற வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களின் கதை. அவர்கள் பிள்ளைகள் இன்று சேலத்திலும் பெங்களூரிலும் வேலையில் இருக்கிறார்கள். கொலுசுப் பட்டறை முதலாளி வீட்டு வாசலில் நிற்பதற்கு முன் அவர்களுக்கு அந்த ‘ஐயா’ காட்சியை அனுப்புங்கள்.

கைமாறாக என்ன தருவது? டைட்டிலில் பெயர், முதல் திரையிடலுக்கு அழைப்பு. பனியன் அச்சடித்துக் கூரியரில் அனுப்பும் வேலையே வேண்டாம். 500 ரூபாய் கொடுத்தவருக்குப் பனியனும் கூரியரும் சேர்த்து 300 போய்விட்டால் அவர் படத்துக்குக் கொடுத்தது 200-தான்.

வரியையும் சொல்லிவிடுகிறேன், யாரும் சொல்ல மாட்டார்கள். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் ஒருவர் வாங்கும் அன்பளிப்பு மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமல்ல, முழுத் தொகையும் அவர் வருமானத்தில் சேரும். மொத்த வருமானம் வரிவரம்புக்குள் இருந்தால் கட்ட வேண்டியது ஒன்றும் இராது. ஆனால் யார், எப்போது, எவ்வளவு என்ற நோட்டு கட்டாயம் வேண்டும். இதில் வேடிக்கை, தாய்மாமன் கொடுத்தால் சட்டப்படி உறவு. மாமன் மகன் கொடுத்தால் உறவில்லை.

*

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வியாபாரம் செய்யும் என் மாமா ஒரு லட்சம் தருகிறேன் என்கிறார். தயாரிப்பாளர் என்று அவர் பெயர் போட வேண்டும், அவர் மகன் ஹீரோவாக வேண்டும். ஒத்துக்கொள்ளலாமா அக்கா?
– வாசகி, சூரமங்கலம்

பதில்: பெயரைத் தாராளமாகப் போடுங்கள் கண்ணு, அதற்குச் செலவில்லை. மாமா மகனை அழைத்துக் கேமரா முன்னால் நிறுத்தி, பின்னால் யாரோ நடந்து வருவதுபோல் கேட்டுத் திரும்பச் சொல்லுங்கள். ஒரே ஒரு திரும்பல். அந்தக் காட்சியை மாமாவுக்கே போட்டுக் காட்டுங்கள். பையன் நன்றாகச் செய்தால் பிரச்சினையே இல்லை. செய்யவில்லை என்றால் வியாபாரியான அவருக்கே தெரிந்துவிடும், உரசிப் பார்க்காமல் வெள்ளி வாங்குபவரா அவர்? எதுவானாலும், இந்த ஒரு லட்சம் கடனா, அன்பளிப்பா, பங்கா என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சொந்தத்துக்குள் எதற்கு என்று அத்தை கோபித்துக்கொள்வார். படம் முடிந்தபிறகு வரும் கோபத்துக்கு இது எவ்வளவோ மேல். கடன் என்றால் ரொக்கமாக வாங்காமல் வங்கி வழியாக வாங்குங்கள்.

*

கேள்வி: ஒரு குறும்படத்துக்காக முப்பது பேரிடம் ஆளுக்கு 5,000 வாங்கி, ஆறு மாதத்தில் 6,000-ஆகத் திருப்பித் தருவதாகச் சொல்லலாம் என்று நண்பர் யோசனை சொல்கிறார். இல்லை என்றால் நான் போட்டுவரும் ஏலச்சீட்டைத் தள்ளி எடுக்கலாமா?
– வாசகர், கொண்டலாம்பட்டி

பதில்: முதல் யோசனையை இன்றே மறந்துவிடுங்கள். வட்டி சொல்லி ஊராரிடம் பணம் வாங்கினால் அது டெபாசிட் ஆகிவிடும். முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் 2019-ஆம் வருட மத்திய சட்டம் இருக்கிறது, தமிழ்நாட்டில் முதலீட்டாளர் பாதுகாப்புக்கு 1997-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. பேய்ப் படம் எடுக்கப் போய்ப் பொருளாதாரக் குற்றப்பிரிவின் படியேற வேண்டாம். சட்டம் கிடக்கட்டும், யூடியூபில் போடும் குறும்படம் ஆறு மாதத்தில் 1,80,000 சம்பாதிக்கும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

சீட்டை ஆரம்பத்திலேயே தள்ளி, அதாவது ஏலத்தில் ஒரு தொகையை விட்டுக்கொடுத்து எடுத்தால், லட்சத்தில் கால்வாசி போகவும் வாய்ப்புண்டு, தவணை மட்டும் கடைசி வரை நிற்காது. அடுத்த தீபாவளிவரை பொறுத்து, தள்ளு குறைந்தபிறகு எடுங்கள். அதற்குள் கதையை இன்னும் நாலு தடவை எழுதிப் பாருங்கள்.

*

கேள்வி: என் மகள் காலேஜ் முடித்துவிட்டுக் குறும்படத்துக்குச் சவுண்டு எடுக்கிறாள். அடுத்த மாதம் ஏற்காட்டில் ஓர் இரவு ஷூட்டிங்காம். சம்பளமும் இல்லையாம். அனுப்பலாமா?
– ஒரு தாய், குகை

பதில்: சம்பளம் இல்லை என்றால் சரி, பேட்டாவும் வண்டிச் செலவுமாவது உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள் அம்மா. கையிலிருந்து போட்டு வேலைக்குப் போவது நல்ல பழக்கம் இல்லை. கால்ஷீட் தாளை வாங்கிப் பாருங்கள். யார் யார் வருகிறார்கள், எங்கே தங்குகிறார்கள், பெண்களுக்குத் தனி அறை உண்டா, எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரின் போன் நம்பர் என்ன, எல்லாம் அதில் இருக்க வேண்டும். இல்லை என்றால் அனுப்பாதீர்கள். அந்தி சாய்ந்தபிறகு காப்பித் தோட்டத்துக்குள் தனியாக நடக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பேய் ஒன்றும் செய்யாது, காட்டெருமை செய்யும். உள்ளூர் வாட்ச்மேன் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளச் சொல்லி டைரக்டரிடம் நீங்களே பேசலாம், தப்பில்லை.

சாப்பாடு கட்டிக் கொடுப்பதாக இருந்தால் இட்லி கொடுங்கள். நொறுநொறுவென்றிருக்கும் தட்டுவடை மட்டும் வேண்டாம். டேக் நடக்கும்போது யாராவது ஒருவர் கடித்துவிடுவார், மொத்தக் காட்சியையும் மறுபடி எடுக்க வேண்டிவரும், திட்டு விழுவது உங்கள் மகளுக்குத்தான்.