முற்றிய காயா, வெறும் பச்சைக் காயா?

கேள்வி: பச்சையாக இருந்த மாங்காய்களை வாங்கி, காகிதத்தில் சுற்றி வைத்தேன். ஆறு நாளில் மஞ்சளாகிவிட்டன, ஆனால் தோல் சுருங்கிப் போயிருந்தது. அறுத்தால் கொட்டையைச் சுற்றி வெளுப்பு, வாயில் வைத்தால் புளிப்பு. நான் வைத்த முறையில் என்ன தவறு?

பதில்: உங்கள் மேல் தவறு இல்லை. அவை முற்றுவதற்கு முன்பே பறித்த காய்கள். வெம்பிப் போயிருக்கின்றன.

முற்றுவது வேறு, பழுப்பது வேறு. முற்றுவது மரத்தில் மட்டும்தான் நடக்கும். இலைகள் செய்கிற சர்க்கரை காம்பு வழியாக இறங்கி, காய்க்குள் மாவுச்சத்தாகச் சேர்ந்துகொண்டே போகும். பழுப்பது அந்தச் சேமிப்பை எடுத்துச் செலவழிக்கிற வேலை. எத்திலீன் என்ற வாயு காய்க்குள்ளேயே உண்டாகி அதைத் தொடங்கி வைக்கும். மாவுச்சத்து சர்க்கரையாகும், புளிப்பு தணியும், சதை இளகும், மணம் வரும். காம்பை ஒடித்த நிமிடத்தோடு வரவு நின்றுவிடுகிறது. சேமிப்பே இல்லாத காயைக் காகிதத்தில் சுற்றினாலும் பஞ்சில் வைத்தாலும் இனிப்பு எங்கிருந்து வரும்? தோலின் பச்சை மட்டும் போய்விடும். இளங்காயின் தோல் ஈரத்தை நன்றாகப் பிடித்துவைக்காது, அதனால்தான் அந்தச் சுருக்கம்.

அடுத்த முறை நிறத்தைப் பார்க்காதீர்கள், காம்புப் பக்கத்தைப் பாருங்கள். இளங்காயில் காம்பிலிருந்தே தோள் சரிந்து இறங்கும். முற்றிய காயில் இரண்டு தோளும் புடைத்து மேலே எழும்பியிருக்கும், காம்பு ஒரு சின்னக் குழிக்குள் உட்கார்ந்த மாதிரி தெரியும். கன்னங்களும் சதை பிடித்து உருண்டிருக்கும். சிவப்புப் பூச்சைக் கண்டு ஏமாற வேண்டாம். அது ரகத்தையும் வெயில் பட்ட பக்கத்தையும் பொறுத்தது, முற்றலுக்குச் சாட்சி இல்லை. வீட்டுக்கு வந்ததும் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம். முற்றியது பெரும்பாலும் மூழ்கும், இளசு மிதக்கும். மிதப்பதை ஊறுகாய்க்கு ஒதுக்கிவிடுங்கள், பழமாகும் என்று காத்திருக்க வேண்டாம்.

பிஞ்சு, காய், செங்காய், பழம் என்று ஒவ்வொரு பருவத்துக்கும் தனிப்பெயர் வைத்திருக்கிறோம். வாங்கும்போது மட்டும் ‘பச்சை, மஞ்சள்’ என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்கிறோம். பூத்ததிலிருந்து மாதக்கணக்கில் மரம் சுமந்த காயை, கடைசி இரண்டு வாரம் பொறுக்காமல் பறித்து விற்பது எனக்கு மனசு ஆறாத விஷயம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அது நல்ல பழமாகியிருக்கும்.

கேள்வி: திராட்சை புளித்தது. நான்கு நாள் வெளியே வைத்தும் இனிக்கவில்லையே?

பதில்: இனிக்காது. திராட்சை, ஆரஞ்சு, மாதுளை, அன்னாசி, ஸ்ட்ராபெரி இவற்றில் பிறகு சர்க்கரையாக மாறுகிற அளவுக்கு மாவுச்சத்துச் சேமிப்பு கிடையாது. பறிக்கும்போது இருந்த இனிப்புதான் கடைசிவரைக்கும். சில நாள் கழித்துக் கொஞ்சம் வாடும், மெத்தென்று ஆகும், அவ்வளவுதான். அதனால் இந்த வகைப் பழங்களை ‘வீட்டில் பழுத்துக்கொள்ளும்’ என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள். திராட்சையில் கொத்தின் நுனியிலிருந்து ஒன்றைத் தின்று பாருங்கள், கடைசியாக இனிப்பு ஏறுவது அங்கேதான். நுனி இனித்தால் மேலே உள்ளவையும் இனிக்கும். ஆரஞ்சில் தோல் பச்சையாக இருந்தும் உள்ளே இனிப்பது உண்டு, ஏனென்றால் அதன் தோல் நிறம் மாற இரவுக் குளிர் வேண்டும். கையில் கனமாக இருப்பதை எடுங்கள். தர்பூசணிக்கு, தரையில் பட்டிருந்த இடம் வெள்ளையாக இல்லாமல் வெண்ணெய் மஞ்சளாக இருக்க வேண்டும்.

கேள்வி: வாயு செலுத்திப் பழுக்கவைத்த வாழைப்பழம் சாப்பிடலாமா?

பதில்: அந்த வாயு எத்திலீன் என்றால் தாராளமாக. பழம் தானே உண்டாக்குவதும் அதேதான். குளிரூட்டிய அறையில் 15 முதல் 18 டிகிரி செல்சியஸில், காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவில், ஒன்றிரண்டு நாள் விடுவார்கள். வாழைக்காயின் சதையில் 20 சதவீத அளவுக்கு இருக்கும் மாவுச்சத்து, பழுத்து முடியும்போது ஒன்றிரண்டு சதவீதமாகிவிடும். கார்பைடு கல் கதை வேறு. அதிலிருந்து வருவது அசிட்டிலீன், கூடவே ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பும் இருக்கக்கூடும். அதைத் தவிர்த்தே ஆகவேண்டும்.

எந்த வாயுவும் முற்றாத காயை நல்ல பழமாக்காது. வாழைக்காயில் விளிம்புகள் கூர்மையாகத் துருத்தி நின்றால் அது இளசு. விளிம்பு மழுங்கி உருண்டிருந்தால் முற்றியது.

கேள்வி: அப்படியானால் மரத்திலேயே பழுத்ததுதான் எப்போதும் சிறந்ததா?

பதில்: எப்போதும் இல்லை. பேரிக்காயை மரத்திலேயே விட்டால் பல ரகங்களில் சதை நறநறவென்றாகி, நடுப்பகுதி குழைந்துவிடும். முற்றியதும் பறித்து வெளியே பழுக்கவைத்தால்தான் வெண்ணெய் போல வரும். அவகாடோ மரத்தில் இருக்கும்வரை இளகவே இளகாது. இவை கல் மாதிரி இருக்கும்போது வாங்கலாம். ஓர் ஆப்பிளோடு சேர்த்துக் காகிதப் பையில் வையுங்கள், ஆப்பிள் விடும் எத்திலீன் வேலையைச் சீக்கிரமாக்கும். காம்பை ஒட்டிய இடம் விரலுக்கு லேசாக இளகினால் அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள்.