ஒரே ஒரு இடம்தான்: கோல்கீப்பர் வாழ்க்கை பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் கால்பந்துக் கோல்கீப்பர்களைப் பற்றி நான்கு வரி எழுதினேன். அதற்கு வந்த கேள்விகளில் பாதி பெற்றோர்களிடமிருந்து, மீதி கையுறை மாட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளைகளிடமிருந்து. நானும் பல வருடம் அந்தக் கம்பங்களுக்கு நடுவே நின்றவன் என்பதால் இந்த முறை பகுதி முழுவதையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. நடுக்களத்தில் ஆடிக்கொண்டிருந்தவனைப் பயிற்சியாளர் திடீரென்று கோலில் நிறுத்திவிட்டார். ஆட வராதவனைத்தான் அங்கே போடுவார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உயரமும் கம்மி. இதில் எதிர்காலம் இருக்கிறதா?

அப்படிச் சொல்பவர்களிடம் புஃபோனின் கதையைச் சொல்லுங்கள். இத்தாலியின் ஜான்லூய்ஜி புஃபோனும் சின்ன வயதில் நடுக்கள ஆட்டக்காரர்தான். 1990 உலகக் கோப்பையில் கேமரூன் கோல்கீப்பர் தோமா என்கோனோ ஆடியதைப் பார்த்து மயங்கிப்போய்த்தான் கோலுக்கு மாறினார். 1995-இல், 17 வயதில், பார்மா அணிக்காக ஏசி மிலனுக்கு எதிராக முதல் ஆட்டம், ஒரு கோலும் விடவில்லை. 2006-இல் உலகக் கோப்பை வென்றார். 2023-இல் 45 வயதில், தொடங்கிய அதே பார்மாவில் ஓய்வு பெற்றார். மகனுக்குத் தன்னைக் கோலுக்கு இழுத்த அந்த மனிதரின் பெயரையும் சேர்த்து வைத்தார்.

உயரத்தைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பெரிய லீக்குகளில் இன்று கோலில் நிற்பவர்களில் பெரும்பாலோர் 1.85 மீட்டருக்கு மேல்தான், அதற்குக் கீழே இருந்தால் கதவு நிச்சயம் சின்னதாகிவிடும். ஆனால் 13 வயதில் யாருடைய உயரத்தையும் யாரும் முடிவு செய்ய முடியாது. டீனோ ஸோஃபை 14 வயதில் குள்ளம் என்று சொல்லி இன்டர், யுவென்டஸ் கிளப்புகள் திருப்பி அனுப்பின. பாட்டி முட்டையாகக் கொடுத்துப் பேரனை வளர்த்தார் என்பார்கள். அந்தப் பையன்தான் பிறகு அதே யுவென்டஸுக்கு ஆடி, 1982-இல் 40 வயதில் இத்தாலியின் கேப்டனாக உலகக் கோப்பையைத் தூக்கினார்.

இப்போதைக்கு உயரத்தை விட்டுவிட்டு அவன் பந்தைப் பிடிப்பதைப் பாருங்கள். நெஞ்சுக்கு மேலே வருகிற பந்துக்கு இரண்டு கட்டைவிரலும் நெருங்கி, மற்ற விரல்கள் விரிந்து பந்தின் பின்பக்கம் நிற்க வேண்டும். இடுப்புக்குக் கீழே வந்தால் சுண்டுவிரல்கள் சேர வேண்டும். விழும்போது முழங்கையையோ வயிற்றையோ தரையில் கொடுக்காமல், காலின் பக்கவாட்டு, இடுப்பு, தோள் என்று வரிசையாக உருண்டு விழுகிறானா? பந்து முகத்துக்கு நேராக வரும்போது கண்ணை மூடாமல் இருக்கிறானா? முன்னால் நிற்கிற டிஃபெண்டரைப் பேர் சொல்லிக் கத்துகிறானா? இதெல்லாம் இருந்தால் பயிற்சியாளர் அவனை ஒதுக்கவில்லை, சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார்.

கேள்வி: சார், எனக்கு 20 வயது. கிளப்பில் இரண்டாவது கோல்கீப்பர். இரண்டு சீசனில் நான் ஆடியது 3 ஆட்டம். முதல் கீப்பருக்கு 27 வயதுதான், காயமும் படுவதில்லை. இருப்பதா, போவதா?

தம்பி, வந்த கேள்விகளிலேயே கனமானது உங்களுடையதுதான். மற்ற இடங்களில் ஆடுகிறவர் ஒரு பக்கம் இடம் கிடைக்காவிட்டால் இன்னொரு பக்கம் போய் ஆடலாம், கடைசி இருபது நிமிடம் இறங்கித் தன்னைக் காட்டலாம். நமக்கு ஒரே ஒரு இடம். அதில் நிற்பவர் நன்றாக ஆடினால், நீங்கள் எவ்வளவு நன்றாகப் பயிற்சி செய்தாலும் சனிக்கிழமை பெஞ்சில்தான்.

எமிலியானோ மார்ட்டினெஸின் பாதையை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 2010-இல், 17 வயதில் அர்ஜென்டினாவிலிருந்து இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப்புக்கு வந்தார். அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டு, ஷெஃபீல்டு வென்ஸ்டே, ராதர்ஹாம், வுல்வ்ஸ், ஸ்பெயினில் கெடாஃபே, பிறகு ரெடிங் என்று லோனிலும் (வேறு கிளப்புக்குத் தற்காலிகமாகப் போய் ஆடுவது) பெஞ்சிலுமாகப் பத்து வருடம் ஓடிவிட்டது. 2020 ஜூனில் முதல் கீப்பர் லெனோவுக்கு முழங்காலில் அடிபட்ட பிறகுதான் வாசல் திறந்தது. அந்த ஆகஸ்டில் எஃப்ஏ கோப்பையை வென்றபோது மைதானத்திலேயே அழுதார். பிறகு ஆஸ்டன் வில்லாவுக்குப் போனார். 2022 உலகக் கோப்பை இறுதியாட்டம், கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகள், பிரான்சின் கோலோ முவானி தனியாக வந்து அடித்த பந்தை இடது காலை நீட்டித் தடுத்தாரே, அந்தக் காலுக்குப் பின்னால் அத்தனை லோன் வருடங்களும் இருந்தன.

ஜெர்மனியின் நாடின் ஆங்கரர் இன்னும் பொறுமைசாலி. தேசிய அணிக்கு முதலில் ஆடியது 1996-இல், ஆனால் பத்து வருடத்துக்கு மேல் சில்க்கே ரோட்டன்பெர்க்குக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார். 2007 உலகக் கோப்பையில் இடம் கிடைத்தது: 6 ஆட்டம், 540 நிமிடம், ஒரு கோல்கூட விடவில்லை, இறுதியாட்டத்தில் பிரேசிலின் மார்த்தா அடித்த பெனால்டியையும் தடுத்தார். 2013-இல் உலகின் சிறந்த வீராங்கனை விருதும் அவருக்கே.

ஆனால் இந்த இருவரையும் காட்டி "காத்திரு, எல்லாம் நடக்கும்" என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். காத்திருந்து எதுவும் நடக்காமல் போனவர்கள்தான் அதிகம். என் கருத்து இதுதான்: 20 வயதில் உங்களுக்குத் தேவை ஆட்டங்கள். ஒரு படி, ஏன் இரண்டு படி கீழே இருக்கிற கிளப்பாக இருந்தாலும் லோனில் போய் ஒரு முழு சீசன் ஆடுங்கள். ஓரத்திலிருந்து கிராஸ் வரும்போது வெளியே வருவதா, கோட்டிலேயே நிற்பதா என்ற முடிவைப் பயிற்சியில் கற்றுக்கொள்ள முடியாது. எதிரணியின் பெரிய சென்டர் ஃபார்வர்டு ஒருவர் முழங்கையால் தள்ளிக்கொண்டு நிற்கும்போது, ஸ்கோர் 1-0 என்று இருக்கும்போதுதான் அது வரும். லோன் கேட்கும்போது ஒன்றை மட்டும் எழுத்தில் வாங்கப் பாருங்கள், அங்கேயும் பெஞ்ச் என்றால் பாதியில் திரும்பி வர வழி.

30 தாண்டியவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். ஸ்காட் கார்சன் 2019 முதல் 2025 வரை மான்செஸ்டர் சிட்டியில் இருந்து ஆடியது இரண்டே ஆட்டம். அதில் ஒன்றில், நியூகாசிலுக்கு எதிராக, ஒரு பெனால்டியைத் தடுத்தார். மூன்றாவது கீப்பரின் வேலை தினமும் காலையில் முதல் கீப்பருக்கு நூறு பந்து அடித்துக் கொடுப்பது, உடை மாற்றும் அறையில் இளையவர்களைத் தேற்றுவது, அப்புறம் கூப்பிட்டால் கேள்வி கேட்காமல் இறங்குவது. அதுவும் மரியாதையான தொழில்தான். 20 வயதில் மட்டும் அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

கேள்வி: மற்றவர்கள் 33, 34 வயதில் ஓய்வு பெறும்போது கோல்கீப்பர்கள் மட்டும் எப்படி 40 வரை ஆடுகிறார்கள்?

ஓட்டம் குறைவு. ஒரு ஆட்டத்தில் மற்றவர்கள் 10, 12 கிலோமீட்டர் ஓடினால் கீப்பர் ஓடுவது கிட்டத்தட்ட அதில் பாதிதான். வேகம் குறையும்போது அனுபவம் அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது, பந்து எங்கே வரும் என்று முன்னாலேயே தெரிந்து ஒரு அடி நகர்ந்துவிட்டால் பாய வேண்டிய அவசியமே வராது. எகிப்தின் எஸ்ஸாம் எல் ஹதாரி 2018 உலகக் கோப்பையில் 45 வயதில் ஆடி, சவுதி அரேபியாவுக்கு எதிராக ஒரு பெனால்டியைத் தடுத்தார். இங்கிலாந்தின் பீட்டர் ஷில்டன் ஆடிய லீக் ஆட்டங்கள் மட்டும் ஆயிரத்துக்கு மேல். ஆனால் உடம்பு சும்மா விடுவதில்லை. கோல்கீப்பராக இருந்தவருடன் கை குலுக்கினால் விரல்களைக் கவனியுங்கள், ஒன்றிரண்டாவது நேராக இருக்காது.

கேள்வி: எனக்கு 17 வயது. மகளிர் அணியில் கோல்கீப்பர். இறுதியாட்டத்தில் சாதாரணப் பந்து ஒன்று என் கையிலிருந்து நழுவி கோல் ஆகிவிட்டது, 1-0 என்று தோற்றோம். யாரும் திட்டவில்லை. ஆனாலும் கண்ணை மூடினால் அதுதான் வருகிறது. விட்டுவிடலாமா என்று இருக்கிறது.

விட்டுவிட வேண்டாம் அம்மா. முதலில் ஒன்று: இந்த வேலையில் ஃபார்வர்டு ஐந்து வாய்ப்பை வீணாக்கி ஆறாவதில் கோல் அடித்தால் அவர்தான் நாயகன். கீப்பர் ஐந்தைத் தடுத்து ஆறாவதை விட்டால் அந்த ஆறாவதைத்தான் பேசுவார்கள். இது நியாயமில்லை, ஆனால் இப்படித்தான் இருக்கிறது.

2002 உலகக் கோப்பையில் இறுதியாட்டத்துக்கு முன்பு வரை ஜெர்மனியின் ஆலிவர் கான் விட்டது ஒரே ஒரு கோல். இறுதியாட்டத்தில் பிரேசிலின் ரிவால்டோ அடித்த பந்தைப் பிடிக்கப் போய் நழுவவிட்டார், ரொனால்டோ ஓடி வந்து கோல் ஆக்கினார். ஆட்டம் முடிந்து கம்பத்தில் சாய்ந்து அவர் உட்கார்ந்திருந்த படத்தை இன்றும் பார்க்கலாம். அந்தத் தொடரின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான் கொடுக்கப்பட்டது, வேறு எந்தக் கோல்கீப்பருக்கும் அது கிடைத்ததில்லை. நான்கு வருடம் கழித்து, 2006 உலகக் கோப்பையில், ஜெர்மனி அணியில் தன் இடம் லேமனுக்குப் போனபோது, அர்ஜென்டினாவுக்கு எதிரான பெனால்டி ஷூட்அவுட்டுக்கு முன்னால் அவரிடம் நடந்து போய்க் கை கொடுத்து வாழ்த்திவிட்டு வந்தவரும் அதே கான்தான்.

பிரேசில் கோல்கீப்பர் பார்போசாவுக்கு அந்தக் கருணை கிடைக்கவில்லை. 1950 உலகக் கோப்பையில் மரக்கானா மைதானத்தில் உருகுவேயின் கிஜ்ஜியா அடித்த ஒரு கோலுக்காக அவரை 2000-இல் சாகும் வரை நாடே குற்றம் சொன்னது. பிரேசிலில் எந்தக் குற்றத்துக்கும் 30 வருடத்துக்கு மேல் தண்டனை இல்லை, எனக்கு மட்டும் 50 வருடம் என்று அவர் சொன்னதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். உங்கள் அணியில் யாரும் திட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது பெரிய விஷயம், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி செய்ய வேண்டியது. வலைக்குள்ளிருந்து பந்தை நீங்களே எடுத்து நடுக்களத்துக்கு அடியுங்கள், வேறு யாரையும் எடுக்க விடாதீர்கள். அப்புறம் கையுறையின் பட்டையைப் பிரித்து மறுபடி ஒட்டுங்கள், ஒரு வாய் தண்ணீர், கம்பத்தைத் தொட்டுவிட்டு முன்னால் நிற்கிற டிஃபெண்டரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஏதாவது ஒரு வேலை சொல்லுங்கள். இதை ஒவ்வொரு கோலுக்கும் ஒரே மாதிரி செய்து பழக்குங்கள், பயிற்சியிலும்கூட. இருபது நொடி போதும், மனம் அடுத்த பந்துக்கு வந்துவிடும். வீடியோவை அன்று ராத்திரி பார்க்காதீர்கள். இரண்டு நாள் கழித்துப் பயிற்சியாளருடன் பாருங்கள், கையைப் பார்க்காமல் அதற்கு முன்னால் கால் எங்கே இருந்தது என்று பாருங்கள். நழுவும் பந்துகளில் பலவற்றில் தப்பு காலில்தான் தொடங்கியிருக்கும்.

இன்னொன்று, தூக்கம் வராமல் வாரக்கணக்கில் போனால் வீட்டில் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். புஃபோன் 25 வயதில், உச்சத்தில் இருந்தபோதே மனச்சோர்வில் விழுந்து, சிகிச்சை எடுத்து மீண்டு வந்தார், அதை வெளிப்படையாகவும் சொன்னார்.

கேள்வி: பெனால்டியைத் தடுப்பது வெறும் அதிர்ஷ்டம்தானே?

பாதி அப்படித்தான். 11 மீட்டரிலிருந்து நல்ல அடி அடித்தால் பந்து கோட்டைத் தொட அரை நொடிகூட ஆகாது, கோலின் அகலமோ 7.32 மீட்டர். மீதிப் பாதி தயாரிப்பு. அடிப்பவரின் ஊன்றுகால் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கடைசி அடியில் பிடிக்க வேண்டும். மேலே சொன்ன அந்த 2006 ஷூட்அவுட்டில் லேமன் காலுறைக்குள் ஒரு துண்டுத்தாள் வைத்திருந்தார், யார் எந்தப் பக்கம் அடிப்பார் என்ற குறிப்பு. இரண்டைத் தடுத்தார். கடைசியாக அடித்த அர்ஜென்டினாவின் கம்பியாஸோவின் பெயர் அந்தத் தாளில் இல்லவே இல்லை, ஆனாலும் லேமன் நிதானமாகத் தாளைப் பார்த்தார், பார்ப்பதைக் கம்பியாஸோவும் பார்த்தார்.

2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 286 பெனால்டிகளைக் கணக்கெடுத்தார்கள். கிட்டத்தட்ட 29 சதவீதம் நடுவில் வந்தன, கீப்பர்கள் நடுவிலேயே நின்றதோ 6 சதவீதம்தான். நின்றுகொண்டே கோல் விட்டால் முயற்சியே செய்யவில்லை என்று பேசுவார்களே என்ற பயம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

கேள்வி: கீப்பருக்குக் கால் ஆட்டம் அவ்வளவு முக்கியமா?

இன்று ஆமாம். சொந்த அணிக்காரர் வேண்டுமென்றே காலால் கொடுக்கும் பந்தைக் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி 1992-இல் வந்ததிலிருந்தே மாற ஆரம்பித்துவிட்டது. கால் வராத கீப்பரைப் பெரிய கிளப்புகள் இப்போது பார்ப்பதுகூட இல்லை. கையில் பந்தை 8 நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் என்பது 2025-இல் வந்த விதி, அதையும் பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பணமும் புகழும் கோல் அடிப்பவருக்கு மட்டும்தானா?

பெரும்பாலும். ஆண்டின் சிறந்த வீரருக்குக் கொடுக்கும் ஆண்களுக்கான பாலோன் டோர் விருதை வாங்கிய ஒரே கோல்கீப்பர் சோவியத் ஒன்றியத்தின் லெவ் யாஷின், அதுவும் 1963-இல். 2018-இல் கோல்கீப்பர் கெபாவுக்காகச் செல்சி கிளப் கொடுத்த 80 மில்லியன் யூரோ கீப்பர்களில் சாதனை விலை, அதற்கு முந்தைய வருடம் ஃபார்வர்டு நெய்மாருக்குப் போனது 222 மில்லியன்.

கேள்வி: ஓய்வுக்குப் பிறகு என்ன செய்வார்கள்?

கோல்கீப்பர் பயிற்சியாளர் வேலைக்கு எப்போதும் ஆள் தேவை, ஆடிக்கொண்டிருக்கும்போதே பயிற்சிச் சான்றிதழ் படிப்பைத் தொடங்கிவிடுவது நல்லது. ஸோஃப் இத்தாலியின் தலைமைப் பயிற்சியாளராகி 2000 ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டம் வரை அணியைக் கொண்டுபோனார். நெதர்லாந்தின் வான் டெர் சார் அயாக்ஸ் கிளப்பின் நிர்வாகத் தலைமைக்கு வந்தார். எனக்கு ரொம்பப் பிடித்தது செக் குடியரசின் பீட்டர் செக்தான். 2006-இல் மண்டை ஓடு உடைந்து, அதன் பிறகு தலைக்கவசத்துடனேயே 2019 வரை ஆடினார். ஓய்வு பெற்ற சில மாதங்களில் இங்கிலாந்தில் ஒரு சின்ன ஐஸ் ஹாக்கி அணியில் சேர்ந்துவிட்டார். அங்கேயும் கோலில்தான் நின்றார்.