"லீவ் உண்டு, ஆனா உங்களுக்கு இல்ல"ன்னு சொன்னா என்ன பண்றது? வாசகர் கேள்விகள், வக்கீல் பதில்கள்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல மெட்டர்னிட்டி லீவ் பத்திதான், அதனால மொத்த பக்கத்தையும் அதுக்கே வச்சிட்டேன்.

கேள்வி: சோழிங்கநல்லூர்ல ஒரு கம்பெனியில ஒரு வருஷ கான்ட்ராக்ட்ல வேலை பாக்குறேன் மேடம். டெலிவரி தேதி ஆகஸ்ட் முதல் வாரம், கான்ட்ராக்ட் ஜூலை 15 முடியுது. அதுவரைக்கும்தான் லீவ் சம்பளம், அப்புறம் எங்க பொறுப்பு இல்லன்னு எச்.ஆர் சொல்றாங்க. எதிர்த்து கேட்டா ரெனியூ பண்ண மாட்டாங்களோன்னு பயமா இருக்கு.
(பெயர் வேண்டாம், சென்னை)

பதில்: எச்.ஆர் சொல்றது சட்டம் இல்லமா. டெலிவரி தேதிக்கு முன்னாடி இருக்கிற 12 மாசத்துல நீங்க 80 நாள் வேலை பார்த்திருந்தா போதும், முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவ் உங்க உரிமை, அதுல 8 வாரம் வரைக்கும் பிரசவத்துக்கு முன்னாடியே எடுத்துக்கலாம். பர்மனென்ட், கான்ட்ராக்ட்னு அதுல பிரிவினை கிடையாது. டெல்லியில கான்ட்ராக்ட்ல இருந்த ஒரு டாக்டருக்கு இதே கதைதான் நடந்துச்சு, 2017 ஜூன் 1ல இருந்து லீவ் கேட்டாங்க, கான்ட்ராக்ட் ஜூன் 11 முடியுதுன்னு 11 நாள் மட்டும் குடுத்து கணக்கை முடிச்சிட்டாங்க. அவங்க விடல, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாங்க, 2023 ஆகஸ்ட்ல கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, கான்ட்ராக்ட் காலம் முடிஞ்சாலும் மகப்பேறு சலுகை முழுசா தரணும், கான்ட்ராக்ட் முடியுற தேதியோட அதை நிறுத்தக் கூடாதுன்னு.

1961 மகப்பேறு நலச் சட்டம்தானே இது, அது மாறிடுச்சேன்னு யாராவது குழப்பினா குழம்பாதீங்க. 2025 நவம்பர் 21ல இருந்து அது 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள்ள வந்துடுச்சு, 26 வாரம், 80 நாள் ரெண்டும் அப்படியேதான் இருக்கு.

இப்ப முதல் வேலையா ஒரு மெயில் போடுங்க, வாய்ல பேசிட்டு வந்துடாதீங்க. எந்த தேதியில இருந்து வர மாட்டேன், எதிர்பார்க்கிற பிரசவ தேதி என்ன, பணத்தை யார் கையில குடுக்கணும், லீவ்ல இருக்கிறப்ப வேற எங்கயும் வேலை பாக்க மாட்டேன், இந்த நாலும் அதுல இருக்கணும், கூட டாக்டர் சர்டிபிகேட். பிரசவத்துக்கு முன்னாடி வர்ற வாரங்களுக்கான பணத்தை முன்கூட்டியே தரணும், மீதியை குழந்தை பிறந்த சான்று குடுத்த 48 மணி நேரத்துக்குள்ள தரணும். நீங்க லீவுக்கு முன்னாடி வேலை பார்த்த 3 மாசத்தோட சராசரி தினச் சம்பளம்தான் கணக்கு.

ரெனியூவல் விஷயத்துல உள்ளதை சொல்லிடறேன். கான்ட்ராக்டை நீட்டியே ஆகணும்னு அவங்களை கட்டாயப்படுத்துறது கஷ்டம். ஆனா அந்த பயத்துல 26 வார பணத்தை விட்டுட்டீங்கன்னா ரெண்டுமே போயிடும், பணத்தையாவது விடாதீங்க. மெயிலுக்கு பதில் வரலன்னா தொழிலாளர் துறை அலுவலகத்துல எழுத்துல புகார் குடுங்க.

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனியில டெய்லர், சம்பளம் 13,000. அஞ்சு மாசம் முழுகாம இருக்கேன். ஓனர் "லீவ் எடுத்துக்கோ, சம்பளம்லாம் கிடையாது"ன்னு சொல்லிட்டார்.
(வாசகி, திருப்பூர்)

பதில்: சம்பளச் சீட்டை எடுத்து இ.எஸ்.ஐ-னு (தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு) ஒரு பிடித்தம் இருக்கான்னு பாருங்க, உங்க சம்பளத்துக்கு 98 ரூபா இருக்கணும். இருந்துச்சுன்னா ஓனர்கிட்ட கேக்கவே வேண்டாம், 26 வாரத்துக்கு முழு சராசரி கூலியை இ.எஸ்.ஐ நேரா உங்க பேங்க் கணக்குல போடும். குறிப்பிட்ட காலத்துல 70 நாளுக்காவது உங்க பேர்ல சந்தா கட்டியிருக்கணும், அவ்வளவுதான். பிடிக்கிறாங்க ஆனா கட்டலன்னு சந்தேகம் இருந்தா இப்பவே இ.எஸ்.ஐ கிளை ஆபீஸ் போய் உங்க நம்பரை குடுத்து பார்க்க சொல்லுங்க, பிரசவ வலி வந்ததுக்கு அப்புறம் அலையற வேலை இல்ல இது. பிடித்தமே இல்லன்னா அதையும் அங்கயே சொல்லுங்க, 21,000 வரைக்கும் சம்பளம் வாங்குறவங்களை பதிவு பண்ண வேண்டியது முதலாளி கடமை.

கேள்வி: லீவ் முடிஞ்சு வேலைக்கு வந்துட்டேன், பாப்பாவுக்கு 7 மாசம். 9 மணி நேரம் உக்கார முடியல, பால் கட்டிக்கிட்டு வலிக்குது, பாத்ரூம்ல போய் பிழிஞ்சு கொட்டிட்டு வரேன். ஒரு வருஷத்துக்கு 6 மணி நேர வேலை கேக்க சட்டத்துல இடம் இருக்கா?
(வாசகி, கோவை)

பதில்: படிச்சிட்டு மனசு கனத்துப் போச்சும்மா. குழந்தைக்காக வேலை நேரத்தை குறைச்சு குடுன்னு கேக்குற உரிமை பிரைவேட் கம்பெனியில இருக்கிறவங்களுக்கு நம்ம நாட்டு சட்டத்துல இல்ல. ஜெர்மனியில 15 பேருக்கு மேல இருக்கிற கம்பெனியில குழந்தைக்காக விடுப்புல இருக்கிற அம்மாவோ அப்பாவோ வாரத்துக்கு 32 மணி நேரம் வரைக்கும் பார்ட் டைம் கேக்கலாம், அழுத்தமான காரணம் இல்லாம கம்பெனி மறுக்க முடியாது. இங்கயும் அப்படி ஒண்ணு வரணும், வந்தே ஆகணும்.

ஆனா கையில ஒண்ணுமே இல்லன்னு நினைக்காதீங்க. குழந்தைக்கு 15 மாசம் ஆகுற வரைக்கும் தினம் ரெண்டு பால் குடுக்குற இடைவேளை உண்டு, அது சாப்பாட்டு நேரத்தோட சேராது, சம்பளத்துல கை வைக்கவும் கூடாது. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடம்னா குழந்தைகள் காப்பகம் இருக்கணும், நாளைக்கு நாலு தடவை நீங்க போய் பாக்கலாம். வேலை அப்படிப்பட்டதா இருந்தா, லீவ் முடிஞ்சப்புறம் ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டு வீட்டுலேருந்தே வேலை பாக்கவும் சட்டம் இடம் குடுக்குது. இடைவேளை ரெண்டையும் சேர்த்து சாயங்காலம் சீக்கிரம் கிளம்பிக்கிறேன், வாரத்துல ரெண்டு நாள் வீட்டுலேருந்து பாக்குறேன்னு ஒரே மெயில்ல கேளுங்க, நிறைய மேனேஜர்கள் எழுத்துல வந்தா ஒத்துக்குவாங்க. பால் எடுக்க கதவு பூட்டுற ஒரு ரூம் வேணும்னும் அதுலயே எழுதுங்க, கழிப்பறையில நின்னு அதை செய்ய வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்ல.

கேள்வி: மனைவிக்கு அடுத்த மாசம் டெலிவரி. பிரைவேட் கம்பெனி, அப்பாவுக்கு லீவ் உண்டா?
(வாசகர், மதுரை)

பதில்: சட்டப்படி இல்ல தம்பி. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் இருக்கு, குழந்தை பிறந்து 6 மாசத்துக்குள்ள எடுக்கணும். உங்களுக்கு கம்பெனி பாலிசிதான், அதை கேட்டு வாங்கி படிங்க. பாரம் முழுக்க அம்மா பேர்லயே இருக்கிறதாலதான் கல்யாணமான பொண்ணை வேலைக்கு எடுக்க யோசிக்கிறாங்க, அப்பாவுக்கும் லீவ் குடுத்தா அந்த யோசனை குறையும்ங்கிறது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: மூணாவது மாசம் கலைஞ்சிடுச்சு. பத்து நாள் வீட்டுல இருந்தேன், லாஸ் ஆஃப் பே போட்டுட்டாங்க. குழந்தை பிறக்கலையே, லீவ் எப்படி கேக்குறதுன்னு விட்டுட்டேன்.
(வாசகி, ஓசூர்)

பதில்: விடாதீங்கம்மா. கரு கலைஞ்சா மறுநாள்ல இருந்து 6 வாரம் சம்பளத்தோட லீவ் உண்டு, அதே 80 நாள் கணக்குதான். அதனால உடம்பு சரியில்லாம போனா மருத்துவச் சான்று வச்சு இன்னும் ஒரு மாசம் வரைக்கும் கேக்கலாம். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியை வச்சு, பிடிச்ச பத்து நாள் சம்பளத்தை திருப்பிக் கேட்டு எழுதுங்க. 6 வாரம் இன்னும் முடியலன்னா மிச்ச நாளையும் அதே கடிதத்துல கேளுங்க.