‘மார்த்தாண்டம்க்கு’ என்று வருகிறதே?

கேள்வி: தோவாளைப் பூ வியாபாரிகளுக்காக ஆண்ட்ராய்டு செயலி எழுதுகிறேன். ஆங்கிலத்தில் சரியாக வரும் வரி, தமிழில் ‘5 கிலோ பிச்சி மார்த்தாண்டம்க்கு அனுப்பப்பட்டது’ என்று வருகிறது. எப்படித் திருத்துவது?
– வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: நாகர்கோவிலில் உட்கார்ந்து பல வருடமாகச் செயலிகளைத் தமிழாக்குகிறேன் தம்பி, இந்த ‘க்கு’ என்னையும் பாடாய்ப் படுத்தியிருக்கிறது. தக்கலை என்றால் தக்கலைக்கு, நாகர்கோவில் என்றால் நாகர்கோவிலுக்கு, மார்த்தாண்டம் என்றால் மார்த்தாண்டத்துக்கு. வாக்கியத்தில் பெயரோ எண்ணோ வந்து உட்காரும் காலி இடமான இடநிரப்பிக்கு இது எதுவும் தெரியாது. கொடுத்த பெயரை அப்படியே வைத்துவிடும். அதனால் அதன் வாலில் வேற்றுமை உருபை ஒட்டாதீர்கள். ‘சேருமிடம்: மார்த்தாண்டம். பிச்சி 5 கிலோ அனுப்பியாச்சு’ என்று வாக்கியத்தையே மாற்றுங்கள். சந்தையில் சீட்டு எழுதுகிறவரும் ஊரைத்தான் முதலில் எழுதுவார்.

இப்போது வரிசை மாறிவிட்டது, கவனித்தீர்களா? ஆங்கிலத்தில் எடை முதலில், ஊர் கடைசியில். இடநிரப்பிகளுக்கு எண் கொடுக்காமல் விட்டால் எடையின் இடத்தில் ஊர் போய் விழும், செயலியே நின்றுபோகலாம். சதவீதக் குறிக்கும் டாலர் குறிக்கும் நடுவே எண் எழுதுங்கள்: எடை 1, பூ 2, ஊர் 3. தமிழ்க் கோப்பில் 3 முன்னால் வரட்டும், நிரலைத் தொட வேண்டாம். டாலருக்குப் பின், சொல்லுக்கு எஸ் (s), முழு எண்ணுக்கு டி (d) என்ற எழுத்து வரும்; ஊருக்கு %3$s. இரண்டரை கிலோவும் விற்குமே, அதனால் எடைக்கு டி ஆகாது, ‘.1’ போட்டு எஃப் (f) எழுதுங்கள், அதாவது %1$.1f; 2.5 என்று வரும்.